கத்தி இல்லாதது

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.
சரிதான். ஆனால் லூலியோவில் பிப்ரவரியில்
புல் இரண்டு முழம் பனிக்கு அடியில் கிடக்கிறது.
அதனால் யோர்டிஸ்
சனிக்கிழமை பத்தரைக்கு
டோர்கெல் கடையின் கண்ணாடி மேசை முன் நிற்கிறாள்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி.

மூன்றை எடுத்து வைக்கிறான்.

முதலாவதில் பத்தொன்பது கருவிகள்.
கிளை அறுக்கலாம், செதில் சுரண்டலாம்,
குதிரைக் குளம்பில் கல் சிக்கினால் எடுக்கலாம்.
"குதிரை இருக்கிறதா உன்னிடம்?"
"சைக்கிள் இருக்கு. நவம்பரிலிருந்து அதுவும் படுத்துவிட்டது."
கோட்டுப் பையில் போட்டுப் பார்க்கிறாள்.
கோட்டு ஒரு பக்கம் சாய்கிறது,
கடன் கொடுத்தவன் தோளில் கை போட்டதுபோல.

இரண்டாவது பெருவிரல் நீளம்.
குறடு என்று பெயர்தான்,
அதை வைத்துப் புருவம் திருத்தலாம்.

மூன்றாவதை டோர்கெல் ஒற்றைக் கையால் திறக்கிறான்.
க்ளிக். மூடுகிறான். மறுபடி க்ளிக்.
விற்பதற்காகச் செய்யவில்லை,
அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருக்கிறது.

"போன வாரம் எதற்கெல்லாம் கை பைக்குள் போனது?
அதைச் சொல்லு முதலில்."

பள்ளிக்கூடத்தில் எதற்குத்தான் போகாது?
ஏலோஃபின் பனிக்கோட்டு ஜிப்,
தாடைக்கு அருகில் கடித்துக்கொண்டது.
பையன் மூச்சுக்கூட விடாமல் நின்றான்.
கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியில்
எறும்புத் தலை அளவு ஒரு திருகு.
சமையலறையில் மீன் டப்பா,
வளையம் மட்டும் கையோடு வந்துவிட்டது.
அப்புறம் அந்த ஏழாம் அறை ரேடியேட்டர், சனியன்.
கத்தி?
யோசிக்கிறாள்.
ஒரே ஒரு அட்டைப்பெட்டி.
அதைச் சாவியாலேயே கிழித்திருக்கலாம்.

"பழையது என்ன ஆச்சு?"

"தொலைந்துவிட்டது" என்கிறாள்.

தொலையவில்லை.
அக்டோபரில், விடிகாலை விமானம்.
அக்கா குன்வோர் ஸ்டாக்ஹோம் ஆஸ்பத்திரியில்.
ராத்திரியே போன் வந்தது,
பையைத் துழாவிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?
சோதனை மேசைக்காரப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும்.
திரும்பிப் போய்ச் சரக்கில் சேர்க்கலாம், என்றாள் மரியாதையாக,
அல்லது இந்தப் பெட்டியில் போடலாம்.
கதவு மூடப் பன்னிரண்டு நிமிஷம்.
பெட்டிக்குள் நகம் வெட்டும் கத்தரிகள்,
ரிப்பன் கட்டிய ஒரு கேக் கத்தி,
யாரோ ஒருவரின் பாட்டில் திறப்பான்.
அவற்றின் மேல் இருபத்திரண்டு வருஷத்தைப் போட்டாள்.
சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

அங்கே போனால்
கட்டிலோரத்து இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது.
குழாய்களுக்கு நடுவிலிருந்து குன்வோர் கேட்ட முதல் கேள்வி,
"உன் குறடு எங்கேடி?"
கஞ்சிக் கரண்டியின் காம்பால் நெம்பினார்கள்.
கரண்டி வளைந்தது. இழுப்பறை வந்தது.
உள்ளே இருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அக்கா இவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.
"கிழவியாகிவிட்டாய்."

"கத்தி இல்லாமல் ஒன்று வருமா?" என்கிறாள் யோர்டிஸ்.

டோர்கெல் ஏணி போடுகிறான்.
மேல்தட்டில், தூசிக்குள், ஒன்றே ஒன்று.
"மீன்பிடிக்கிற ஊரில் இதை யார் கேட்கப்போகிறார்கள்?"
விலையில் பத்து சதவீதம் தானாகவே குறைக்கிறான்.
பையில் போடுகிறாள்.
கோட்டு நேராகத் தொங்குகிறது.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
இழுத்துச் சாத்தும்போது
கடைக் கதவின் கைப்பிடி லொடலொடவென்று ஆடுகிறது.
ஒரு திருகுதான்.
நிற்கிறாள்.
கையுறை மறுபடி பல்லுக்குப் போகிறது.

"யோர்டிஸ், விடு அதை!"
உள்ளிருந்து கத்துகிறான் டோர்கெல்,
"குளிர் உள்ளே வருது!"